செம்பருத்தித் தொட்டி இடம் மாறிய விவகாரம்

ஜூலை 9, செவ்வாய்

விழுந்தேன். நேரம் பிற்பகல் இரண்டேகால். இடம் எங்கள் வீட்டுக் குளியலறை. சாட்சிகள் இல்லை.

மற்றவை நாளை. உடம்பில் இப்போதைக்கு ஒழுங்காக வேலை செய்வது எழுதும் கை மட்டும்.

ஜூலை 10, புதன். மருத்துவமனை

டாக்டர் இளம்பரிதி என் இடுப்பைத் திரையில் காட்டினார். எழுபத்து மூன்று ஆண்டுகளாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கலெக்டர் அலுவலக நாற்காலியில். இன்றுதான் நேரில் பார்க்கிறேன். எதிர்பார்த்ததைவிடச் சிறியது.

"இடுப்பெலும்பு ஒரு வளையமுங்கம்மா. முறுக்கு மாதிரின்னு வெச்சுக்கங்க. முறுக்கை ஒரு எடத்துல மட்டும் உடைக்க முடியாது. முன்னால இங்க உடைஞ்சிருக்கு. பின்னால, இதோ, மயிரிழை மாதிரி ஒரு விரிசல்."

மகன் தமிழ்ச்செல்வன் சிட்னியிலிருந்து கைபேசித் திரையில் இருந்தான். மகள் மேகலா ஈரோட்டிலிருந்து வந்து கட்டில் பக்கத்தில் இருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதைச் சண்டை போடும்போதுதான் கண்டுபிடிக்க முடியும்.

"வெயிட் பண்ண என்ன இருக்குங்க டாக்டர்? ஸ்க்ரூ போட்டா சீக்கிரம் நடந்துரலாம்னு படிச்சேன்," என்றான் மகன்.

"நீ படிச்சது கம்ப்யூட்டர்," என்றாள் மகள். "எழுபத்து மூணு வயசுல மயக்க மருந்தா? பேசாம படுத்திருக்கட்டும். தானா கூடிக்கும்."

டாக்டர் இரண்டு பேரையும் பேசவிட்டார். நல்ல அதிகாரிக்கு அடையாளம் அது. ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன்.

"ஸ்க்ரூ போட்டவங்க சீக்கிரம் எந்திரிச்சாங்கன்னு சில பேர் எழுதியிருக்காங்க. போடாதவங்களும் கொஞ்ச மாசத்துல அதே எடத்துக்கு வந்துட்டாங்கன்னு சில பேர் எழுதியிருக்காங்க. உங்க வயசுல எலும்பு கொஞ்சம் பொரியாட்டம் இருக்கும், ஸ்க்ரூ லூஸாகவும் வாய்ப்பிருக்கு. உறுதியா யாரும் சொல்லலீங்கம்மா."

அறுத்துப் பழகிய கைகள். கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று அவை ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்ப யாரைக் கேட்டு முடிவு பண்றது?"

"உங்க காலைத்தான். ஜூலை இருவது வரைக்கும் டைம். வாக்கரைப் பிடிச்சுட்டுப் பத்தடி நடந்துட்டீங்கன்னா ஸ்க்ரூ வேண்டாம். வலியில எந்திரிக்கவே முடியலைன்னா போட்டுறலாம்." பிறகு மேகலா பக்கம் திரும்பினார். "படுத்தே கெடக்கறது மூணாவது வழிங்க. அதை நான் சொல்லவே இல்லை. நுரையீரல்ல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், தசை கரையும்."

மேகலா தலையாட்டினாள். "ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

ஜூலை 11, வியாழன்

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். நான் ஒன்பது ஆண்டுகளாகச் சங்கச் செயலாளர். என் இடுப்பு குறித்து நேற்று மாலை வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. முடிவு: அறுவை சிகிச்சை 19. வேண்டாம் 14. எதுவானாலும் சம்மதம் 6. தண்ணீர் லாரி எப்போது வரும் 1.

தரைத்தளத்துப் பேராசிரியர் கோமதிநாயகம் பார்க்க வந்தார். திருநெல்வேலிக்காரர். நான்கு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவிக்காக, வாசற்படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டச் சொல்லி மூன்று மனு கொடுத்தவர். மூன்றிலும் "பரிசீலிக்கப்படும்" என்று கையெழுத்திட்டேன். பரிசீலனை என்பது நேரம் எடுக்கும் வேலை. நான்காவது மனுவின் மேல், செயலாளரே இடத்தை அளந்து ஆகஸ்ட் 25 பொதுக்குழுவில் அறிக்கை தர வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது.

ஆப்பிள் பையை வைத்துவிட்டு, "அளந்தாச்சா மேடம்?" என்றார்.

அளப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது என்றேன்.

"பாத்ரூம்லயா விழுந்திய?"

"ஆமாங்க."

"பாவம்," என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சின்னச்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் நாற்பது வருடம் தறி சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்த மாஸ்டர். பேசாமலிருப்பது அவருக்குத் தொழில் பழக்கம். செவ்வாய்க்கிழமை அவர் எப்படிச் சரியான நேரத்தில் கீழே வந்தார், அதாவது குளியலறைக்கு வந்தார், என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் தூங்குகிறவர்.

ஜூலை 13, சனி. வீடு

ஆம்புலன்சில் வீடு திரும்பினேன். வாசலில் ஐந்து படிகள். ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் சாய்த்துத் தூக்கினார்கள். தலை கீழே, கால் மேலே. ஒன்பது ஆண்டுகளாக நான் நிர்வகிக்கும் கட்டடத்தின் முகப்பை இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் பெயிண்ட் உரிகிறது. குறித்துக்கொண்டேன்.

தரைத்தளப் பால்கனியில் பேராசிரியரின் மனைவி செண்பகவல்லி அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையை லேசாகத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலி.

ஜூலை 14, ஞாயிறு

விருந்தினர் பதினொரு பேர். ஆட்டுக்கால் சூப் மூன்று பாத்திரம். பிரண்டைத் துவையல் இரண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஒரு நாட்டு வைத்தியரையும் அழைத்து வந்தார்கள். கட்டுப்போடக் கைதேர்ந்தவராம். என்னைச் சுற்றி வந்து இரண்டு முறை பார்த்தார். எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு அவர் அனுபவத்தில் விடை இல்லை. காபி குடித்துவிட்டுப் போனார்.

மேகலா ஈரோட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் விடுப்புப் போட்டிருக்கிறாள். நான் கட்டிலை விட்டு ஒரு கால் கீழே வைத்தாலும் ஓடி வருகிறாள். "அம்மா, அசங்காதீங்க. விரிசல் நகந்துரும்." முடிவாக, எல்லாம் படுக்கையிலேயே. எல்லாம் என்றால் எல்லாம். மேலும் எழுத விரும்பவில்லை.

சின்னச்சாமி குளியலறையில் கைப்பிடி மூன்று பொருத்தினார். ரப்பர் விரிப்பு போட்டார். நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. துளையிடும் இயந்திரத்தை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "இதுக்கு மேல இங்க விழ முடியாது," என்று மட்டும் சொன்னார்.

துணைச் செயலாளர் என் பெயரில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார்: குளியலறைப் பாதுகாப்பு குறித்து. நாற்பது வீட்டிலும் ரப்பர் விரிப்பு வாங்குகிறார்கள். ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 15, திங்கள்

பிசியோதெரபிஸ்ட் ஆக்னஸ் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை எழுப்பிவிட முயன்றார். நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது.

ஜூலை 16, செவ்வாய்

ஆக்னஸ் மறுபடி வந்தார். எனக்குத் தலைசுற்றல் என்று மேகலா சொன்னாள். எனக்குத் தலைசுற்றல் இல்லை. ஆனால் மறுக்கவுமில்லை. திரும்பிப் படுப்பதற்கே உயிர் போய் வருகிறது. நிற்பதை நினைக்கவே முடியவில்லை. ஆக்னஸ் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னும் நாலு நாளுதாங்க இருக்கு. நீங்க ஸ்க்ரூவுக்கு ஓட்டுப் போடறீங்க, தெரிஞ்சுக்கங்க," என்றார்.

தமிழ்ச்செல்வன் ஸ்க்ரூ வகைகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறான். நான்கு நிறங்களில்.

மாலை வாட்ச்மேன் பழனியப்பன் வாசலில் நின்று ஒரு புகார் கொடுத்தார்.

"மேடம், சுவரோரம் இருந்த செம்பருத்தித் தொட்டி படிக்குப் பக்கத்துல வந்து நிக்குதுங்க. ஒரு வாரமா பாக்கறன். யாரு நகத்துனாங்கன்னே தெரியல. சிமெண்ட் தொட்டிங்க. ரெண்டாள் தூக்கற வெயிட்டு."

முனைந்தால் ஒருவரேகூட நகர்த்தியிருக்க முடியும் என்றேன். விசாரிப்பதாகச் சொன்னேன்.

"கேமராவுல பாத்துரலாங்களா?"

கேமரா ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. "விரைவில் சரிசெய்யப்படும்" என்று பதிவேட்டில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையது.

ஜூலை 17, புதன்

மேகலா மார்க்கெட் போயிருந்தபோது தொலைபேசி வந்தது.

"ரங்கநாயகி அக்கா, கீழ செண்பகம் பேசுதேன். எப்படி இருக்கிய?"

நான்கு ஆண்டுகளில் அவர் என்னோடு பேசுவது இதுவே முதல் தடவை. மனுக்கள் கணவர் வழியாகத்தான் வரும். பரவாயில்லை என்றேன்.

"எந்திரிச்சு நடந்தியளா?"

இன்னும் இல்லை; ஓய்வெடுக்கிறேன், குழந்தைகள் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்றேன்.

"எனக்கும் அப்படித்தாங்க்கா. இதே இடுப்புதான். தங்கச்சிமாரு, நாத்தனாரு எல்லாரும் வந்து தாங்கு தாங்குன்னு தாங்குனாவ. ஒரு கால கீழ வைக்க விடல. மூணு மாசம். எலும்பு நல்லா சேந்துட்டு. டாக்டரே மெச்சுனாரு. காலுதான் நடக்கதை மறந்துட்டு."

போர்வைக்குள் கால் விரலை அசைத்துப் பார்த்தேன்.

"ஒருத்தர் மேலயும் குத்தம் சொல்லதுக்கில்ல. எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு. வலி இல்ல, வேலை இல்ல. எல்லாரும் கூடவே இருக்காவ. எந்திரிச்சா போயிருவாவன்னு ஒரு நினைப்பு. பிறகு எந்திரிக்க முடியலன்னதும் போயிட்டாவ." சிரித்தார். "நீங்க எந்திரிச்சிருங்கக்கா. வலிக்கத்தான் செய்யும்."

சரி என்றேன். வைக்கப் போனேன்.

"பாத்ரூம்ல விழுந்தியன்னு அவிய சொன்னாவ."

"ஆமாங்க. வழுக்கிருச்சு."

"வழுக்கும், வழுக்கும்," என்றார். "எங்க பால்கனியிலருந்து நம்ம வாசப்படி நல்லா தெரியும்க்கா. நாள் பூரா எனக்கு வேற என்ன வேலை, அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கு கோடுகளும் இருந்தன.

ஜூலை 18, வியாழன்

காலை முழுக்க மேல்விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்விட்டத்தில் இருபத்து மூன்று சிலந்தி வலைகள். பதினொன்றரைக்கு மேகலா மருந்துக் கடைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சின்னச்சாமியைக் கூப்பிட்டேன்.

"வாக்கரை எடுத்தாங்க."

ஏன் என்று கேட்கவில்லை. எடுத்து வந்தார். இரண்டு வலி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். அரைமணி நேரம் காத்திருக்கச் சொன்னார். ஆக்னஸிடம் அவர் ஏற்கெனவே எல்லாம் கேட்டு வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பக்கவாட்டில் திரும்பினேன். காலைத் தொங்கவிட்டேன். உட்கார்ந்தேன். அவர் முன்னால் நின்று வாக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நின்றேன்.

இரண்டு விநாடி.

உள்ளே யாரோ கதவைக் கீலோடு பிடுங்குவது போலிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதலாம். ஆனால் அவர் அதைப் பார்க்காத மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது நடக்கவில்லை என்றே கொள்ளலாம்.

"இன்னொருக்கா," என்றார்.

மூன்றாவது தடவை இரண்டு எட்டு வைத்தேன். நான்காவது தடவை நான்கு. கட்டிலுக்குத் திரும்பும்போது மேகலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மருந்துப் பை.

"அப்பா, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"அவளைக் கேளு," என்றார் மாஸ்டர்.

மேகலா என்னைப் பார்த்தாள். விரிசல் நகர்ந்துவிடும், பிறகு நீங்களே ஆபரேஷனுக்கு வழி செய்த மாதிரி ஆகும் என்று ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். பாதிப் பேச்சில் நான் நிற்பதை அவள் கவனித்தாள். பேச்சு நின்றது.

"கண்ணு, நீ என்னையக் கொஞ்சம் கம்மியாப் பாத்துக்க," என்றேன்.

அவள் அழுதாள். இதை எழுதலாம், எல்லோரும் பார்த்தோம்.

ஜூலை 19, வெள்ளி

காலையில் ஆறு எட்டு வைத்தேன். மாலையில் ஒன்பது. ஆக்னஸ் பாராட்டவில்லை. முதுகை நிமிர்த்துங்க என்றார். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி; இன்று மேகலாவே போட்டாள்.

பழனியப்பன் ஒரு அளவு நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தொட்டியடியில் கிடந்ததாம். "நம்ம சங்கத்து டேப்புங்க. நம்பர் போட்டிருக்கு. ஆபீஸ் ரூம் சாவி உங்ககிட்டத்தான இருக்குது, அதான்..." என்று இழுத்தார்.

விசாரணை நடந்து வருகிறது என்றேன்.

சின்னச்சாமி நாடாவை வாங்கி, துடைத்து, என் தலைமாட்டில் வைத்தார்.

ஜூலை 20, சனி. மருத்துவமனை

மறுபடி அதே ஐந்து படிகள். இந்தத் தடவை நாற்காலியில் தூக்கி இறக்கினார்கள். வெளியே போக ஐந்து நிமிட வேலைக்கு நான்கு ஆண்கள் தேவைப்படுகிறார்கள். செண்பகவல்லி நான்கு ஆண்டுகளாக ஏன் வெளியே வருவதில்லை என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பரிசீலித்திருப்பேன்.

படம் எடுத்தார்கள். விரிசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டாக்டர் தரையில் ஓடுகளை எண்ணி ஒரு கோடு காட்டினார். பத்தடி. திரையில் தமிழ்ச்செல்வன். சிட்னியில் சாயங்காலம், அவனுக்குப் பின்னால் பேரன் எட்டிப் பார்த்தான்.

ஐந்தாவது அடியில் வலது பக்கம் பிடித்தது. வாக்கரில் சாய்ந்து நின்றேன். மேகலா எழப் போனாள். சின்னச்சாமி அவள் கையைப் பிடித்தார். ஏழு. எட்டு. கோட்டைத் தாண்டி ஓரடி அதிகமாக வைத்தேன். அரசு ஊழியரிடம் இது அரிது.

"ஸ்க்ரூ வேண்டாங்க," என்றார் டாக்டர்.

தமிழ்ச்செல்வன் சந்தோஷப்பட்டான். அட்டவணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேகலா அவனைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னன்ல," என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கட்டிலிலிருந்து சமையலறை வரை. வழியில் உட்காராமல். சின்னச்சாமி ரசம் வைக்கிறார். ஐந்தாவது வாரம் இது. புளி இன்னும் அவருக்குக் கட்டுப்படவில்லை. பின்னால் நின்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் இதைக் கண்டு பயந்து, "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றார்.

மேகலா நாளை ஊருக்குப் போகிறாள். மூன்று தடவை பை கட்டிப் பிரித்தாள். "எந்திரிச்சுட்டீங்க. இனி என்னைய எதுக்குத் தேடுவீங்க," என்றாள். செண்பகவல்லி சொன்னதன் மறுபக்கம் இது என்று தோன்றியது. தேடுவேன் என்றேன். நம்பவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 19, திங்கள்

லிப்டில் கீழே போனேன். வாக்கரோடு. முகப்பு வரை. படிகளுக்கு முன்னால் நின்றேன். படி இறங்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று ஆக்னஸ் சொல்லியிருக்கிறார். கீழே முற்றம், அதற்கப்பால் கேட், அதற்கப்பால் தெருவில் ஒருவன் கொய்யா விற்கிறான். விலை கேட்க முடியாத தூரம் இல்லை. போக முடியாத தூரம்.

பக்கத்துக் கதவு திறந்தது. செண்பகவல்லி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் கொய்யாவைப் பார்த்தோம்.

"நல்ல பழமா தெரியுதுக்கா," என்றார்.

"ஆமாங்க."

"நாலு வருசமா பாக்கேன். இவன் வியாழக்கிழமையும் வருவான்."

செம்பருத்தித் தொட்டி இன்னும் படிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. பொதுக்குழு

கூட்டம் முற்றத்தில். கீழே முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். மேலே, படிக்கட்டின் தலைப்பில், நானும் செண்பகவல்லியும். என்னைத் தூக்கி இறக்க நான்கு பேர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றேன். செண்பகவல்லியை யாரும் கேட்கவில்லை. பொதுக்குழுவுக்கு அவர் வருவதே இது முதல் முறை.

தண்ணீர் லாரி முக்கால் மணி நேரம். பெயிண்ட் பத்து நிமிடம். ஏழாவது பொருள்: சாய்தளம். கோமதிநாயகம் எழுந்தார்.

"செயலாளர் மேடம் உடம்பு சரியில்லாம இருந்தாவ. அதனால அளக்க முடியாமப் போச்சு. அடுத்த வருசத்துக்கு வைங்கன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

அவர் எனக்கு வழி விடுகிறார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பேர் அப்படி வழி விட்டிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் போயிருக்கிறேன். பக்கத்தில் செண்பகவல்லி கீழே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். எனக்கு எழுதி வாசித்தால்தான் பேச வரும்.

"அறிக்கை. படிகள் ஐந்து. ஒரு படி ஆறு அங்குலம். மொத்த உயரம் இரண்டரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆக, முப்பது அடி. படியோரத்திலிருந்து ஜெனரேட்டர் அறைச் சுவர் வரை இருக்கும் இடம் முப்பத்தொரு அடி. சாய்தளம் கட்டலாம். அளந்த நாள், ஜூலை ஒன்பது."

மூன்றாம் மாடி வக்கீல் உடனே கேட்டார். "ஒன்பதாந்தேதிதான நீங்க பாத்ரூம்ல விழுந்தீங்க?"

"அறிக்கை இன்னும் முடியலைங்க. முதல் தடவை அளந்ததில் முப்பத்தொரு அடி வந்தது. அது செயலாளருக்கு வசதியாக இல்லை. ஆகவே செயலாளர் செம்பருத்தித் தொட்டியைப் படியோரத்துக்கு நகர்த்தி, அதை நிரந்தரக் கட்டுமானம் என்று காட்டி, மீண்டும் அளக்க முடிவு செய்தார். அப்படி அளந்தால் இருபத்தெட்டு அடி. பின்பக்கமாக நடந்து தொட்டியை இழுக்கும்போது குதிகால் கடைசிப் படியில் இடித்து, படியின் மேல் உட்கார்ந்தார். படி கெட்டியானது. பிறகு, விழுந்த இடம் கேட்டால் தொட்டியைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால், கணவர் தோளைப் பிடித்து எப்படியோ படியேறி, லிப்டில் இரண்டாம் மாடிக்குப் போய், குளியலறையில் விழுந்தார். அறிக்கை முடிந்தது."

ஜெனரேட்டர் அறைப் பக்கம் ஒரு குழந்தை அழுதது.

வக்கீல், "அப்ப அந்த ரப்பர் விரிப்பெல்லாம்?" என்றார்.

"அது நல்லதுதாங்க. வெச்சுக்கங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர். பின்வரிசையில் சின்னச்சாமி மட்டும் சிரிக்காமல் எழுந்து போனார். போய்த் தொட்டியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். பழனியப்பன் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். இருவருமாகச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்கள்.

"நான் சொன்னன்லங்க மேடம்," என்று பழனியப்பன் கீழிருந்து கூவினார். "ரெண்டாள் வெயிட்டு."

தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 36, எதிர்ப்பு 0. இரண்டு பேர் தண்ணீர் லாரி விஷயத்தில் கோபமாக முன்பே போயிருந்தார்கள். நான் பதவி விலகல் கடிதமும் வைத்திருந்தேன். வாசித்தேன். சாய்தளம் கட்டி முடிக்கும்வரை விலகக் கூடாது, அளவு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கோமதிநாயகம் சொன்னார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பேராசிரியர்களிடம் இவ்வளவு குசும்பை நான் எதிர்பார்க்கவில்லை.

கலைந்த பிறகு நாங்கள் இருவரும் மேலேயே இருந்தோம்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணது நீங்கதானுங்களா?" என்றேன்.

"பிறகு? கத்தாம கெடந்தியள்லா. யாருக்குத் தெரியப் போவுது."

"ஆனா நீங்க யாருகிட்டயும் சொல்லலையே."

"சொல்லி என்னத்துக்கு. சொல்லியிருந்தா நீங்க அதுக்கும் ஒரு அறிக்கை எழுதியிருப்பிய." நாற்காலியைத் திருப்பினார். "தொட்டிய இழுக்கையில ஒரு மூச்சு விட்டு இழுத்தியள்லா, அக்கா. இந்த வயசுல அம்புட்டு பலமான்னு நினைச்சேன். மறுநிமிசம் டொப்புன்னு உக்காந்துட்டிய."

சிரித்தேன். இடுப்பு வலித்தது.

அக்டோபர் 17, வியாழன்

சாய்தளம் முடிந்தது. முப்பது அடி. சிமெண்ட் காய்ந்துவிட்டதா என்று பழனியப்பன் மூன்று தடவை தட்டிப் பார்த்தார். நான் ஊன்றுகோலோடு முன்னால் நடந்தேன். செண்பகவல்லி நாற்காலியில். கோமதிநாயகம் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "விடுங்க, நானே போறேன்," என்றார் அவர் மனைவி. விட்டார்.

கேட்டுக்கு வெளியே கொய்யாக்காரன் வந்திருந்தான். செண்பகவல்லி பத்து நிமிடம் பேரம் பேசினார். நான்கு வருடப் பேரம். பிறகு நாற்காலியைத் திருப்பித் தன் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார்.

"இம்புட்டுதானா அது," என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

திருத்தம்: ஜூலை 9 பதிவில் "வீட்டுக் குளியலறை" என்றிருப்பதை "வாசற்படி" என்றும், "சாட்சிகள் இல்லை" என்றிருப்பதை "சாட்சி ஒருவர்" என்றும் வாசிக்கவும்.